ஓசூர்ப் பக்கத்துக்காரர் உட்கார்ந்த நாற்காலி

1947-லேயே சுதந்திரம் வாங்கிவிட்டோம். அப்புறம் 1950 வரை லண்டன் ராஜாவுக்கு இங்கே என்ன வேலை? (வாசகர், கல்லாவி)

அவருக்கு ஏது வேலை? அவர் பெயரில் வேலை பார்த்தவர் உங்கள் மாவட்டத்துக்காரர்! ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜிதான் 1948 ஜூன் 21 முதல் குடியரசு நாள் வரை லண்டன் ராஜாவையே தலைவராக ஏற்றிருந்த டொமினியன் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். 1940-ல் அவரைச் சிறையில் தள்ளியது அந்த ராஜா ஆறாம் ஜார்ஜின் ஆட்சி. எட்டே வருடத்தில் அவரைத் தன் பிரதிநிதியாக நியமித்ததும் அதே ஆறாம் ஜார்ஜ். வைஸ்ராய்கள் வாழ்ந்த டெல்லி மாளிகையில் கதர் வேட்டி நடமாடியது. ராஜாஜியோடு அந்தப் பதவி இங்கே முடிந்தது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இன்றும் இருக்கிறது.

ராஜாவை விட்டோம், காமன்வெல்த்தை ஏன் விடவில்லை?

அயர்லாந்து 1949 ஏப்ரலில் குடியரசானது, வெளியேறியது. அதே மாதக் கடைசியில் லண்டன் பிரகடனம்: இந்தியா குடியரசாகவே உள்ளே இருக்கலாம். குடியரசானால் வெளியேற வேண்டும் என்ற விதியை மாற்றவைத்தவர்கள் நாம். அது பெரிய வெற்றி. இன்னொன்று, இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டன் நமக்குத் தர வேண்டிய பாக்கி நூறு கோடி பவுண்டுக்கு மேல். வாங்கியவரை முறைத்துக்கொண்டால் வசூலாகுமா?