கேஸ் தீர்ந்துவிட்டது, ஐயா!

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
அங்கீகாரம் பெற்ற கார் சர்வீஸ் நிலையம், வேலூர்.

பொருள்: காரில் ஏசி போட்டால் அனல் வீசுதல் – ஆண்டுதோறும் கேஸ் அடித்தருளல் – நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

கத்திரி வெயில் பிறக்கும் முன்பே உங்களுக்கு என் ஞாபகம் வந்துவிடுகிறது. 'சம்மர் ஏசி கேம்ப்' என்று குறுஞ்செய்தி அனுப்புகிறீர்கள்; நானும் வண்டியைக் கொண்டுவந்து விடுகிறேன். பானெட்டைத் திறக்காமலே உங்கள் அட்வைசர் தம்பி காரணத்தைச் சொல்லிவிடுகிறார்: "கேஸ் தீந்துடுச்சு சார். அடிச்சா ஜில்லுனு ஆயிடும்."

தம்பியை நான் நம்பாமல் இல்லை. பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்தான் குழப்புகிறது. ஆர்-134ஏ கேஸ், இத்தனை கிராம் என்று அதில் அச்சடித்திருக்கிறார்கள். என் சின்ன வண்டிக்கு அரைக் கிலோகூட இல்லை. கம்ப்ரசரில் அழுந்தி, கண்டன்சரில் சூட்டை இறக்கிவைத்து, டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலைக் குளிர வைத்துவிட்டு மறுபடி கம்ப்ரசருக்கே திரும்பும் மூடிய சுற்று அது. எரிந்து தீருவதற்கு அது பெட்ரோல் இல்லையே! ரப்பர் ஹோஸ் வழியாக வருஷக் கணக்கில் துளித்துளியாகக் கசியும், அதை மறுக்கவில்லை. ஒரே கோடையில் காலியாகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் என் சிற்றறிவுக்குப் படுகிறது.

உங்கள் கஸ்டமர் லவுஞ்சில் ஏசியை 18இல் வைத்திருக்கிறீர்கள். காபி கொண்டுவந்த பையனிடம், இதற்குக் கேஸ் அடித்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டுப் பார்த்தேன். "அதுக்கெல்லாம் அடிக்கிறதே இல்ல சார்" என்றான். பையனை அட்வைசராக்கும் யோசனை உண்டா?

சைக்கிள் கடைப் பெரியவர்கூட டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்த பிறகுதான் காற்றடிக்கிறார். நீங்கள் அந்தப் பழைய வழக்கத்தை ஒழித்துவிட்டீர்கள். வேக்கம் போட்டுக் குழாயில் இருக்கும் ஈரத்தை வெளியேற்றும் வழக்கத்தையும் அதோடு சேர்த்து ஒழித்தீர்கள் போலும். ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும், உள்ளே அமிலமாகி அரிக்கும். அடுத்த வருஷத்துக்கும் வேலை வேண்டுமல்லவா!

வாடிக்கையாளர் சொல்வதைச் சுருக்கி எழுதுவதில் உங்கள் ஆட்களை மிஞ்ச முடியாது. எனக்கு முன்னால் நின்றவர், "பைபாஸில் ஓடினால் ஜில்லென்று இருக்கு, கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றால் சூடா வருது" என்று விலாவாரியாகச் சொன்னார். ஓடும்போது எதிர்காற்று கண்டன்சரைக் குளிர்விக்கிறது. நின்றால் அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும். ஃபேன் சுற்றுகிறதா என்று குனிந்து பார்த்திருக்கலாம். ஜாப் கார்டில் ஏறியது: 'ஏசி நாட் கூலிங்.' அவருக்கும் கேஸ்தான். ஸ்டிக்கரில் போட்ட அளவுக்கு மேல் ஏற்றினால் அழுத்தம் எகிறி, கம்ப்ரசர் திணறி, இருக்கிற குளிரும் போய்விடும் என்று யாராவது அவரிடம் சொன்னார்களோ என்னவோ.

உங்கள் தரப் பரிசோதனையையும் பாராட்ட வேண்டும். உச்சிவெயிலில் வெந்த வண்டியைச் சாயங்காலம் ஆறரை மணிக்கு, நிழலில் நிறுத்தி, வென்டுக்கு முன்னால் கையை நீட்டி, "சூப்பரா வருது சார்" என்கிறார்கள். தெர்மாமீட்டர் என்றொரு கருவி சந்தையில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை.

இந்த முறை கேஸும் சலித்துப்போய், கம்ப்ரசரையே மாற்ற எஸ்டிமேட் கொடுத்தீர்கள். ஐந்து இலக்கம், 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போர்டுகூட இல்லாத ஒரு ஏசி மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் டார்ச்சைத்தான் எடுத்தார். கண்டன்சரில் குழாய் சேரும் இடத்தில் காசு அகலத்துக்குக் கறுப்பாக ஒரு பிசுக்கு. "கேஸோட கம்ப்ரசர் ஆயிலும் சுத்துதுல்லங்க, கசியிற எடத்துல அது வெளிய வந்து தூசியைப் புடிச்சு வச்சுக்கும்" என்றார். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவினார்; அங்கேயே குமிழி விட்டது. கழற்றினால் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தது. கம்ப்ரசர் அதுபாட்டுக்கு நன்றாக இருக்கிறது. வாயு குறைந்தால் அதைக் காப்பாற்றுவதற்காக பிரஷர் ஸ்விட்ச் ஓடவிடுவதில்லை, அவ்வளவுதான். கிளவ் பாக்ஸுக்குப் பின்னாலிருந்து கேபின் ஃபில்டரையும் உருவிக் காட்டினார். வேப்பஞ்சருகும் செத்த பூச்சிகளுமாக மெத்தைபோல் இருந்தது. உங்கள் பில்லில் அது போன சர்வீஸிலேயே மாற்றப்பட்டுவிட்டது.

உலகமும் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 1430 மடங்கு பூமியைச் சூடாக்கும் சரக்கு இந்த ஆர்-134ஏ. இதன் வகையறாவைக் குறைப்பதென்று 2016இல் கிகாலி நகரில் நாடுகள் கூடி முடிவெடுத்தன. 2021இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. அந்தத் தகவல் வேலூருக்கு வந்துசேரும்வரை, என் பணத்தில் வானத்துக்குக் கேஸ் அடித்துக்கொண்டிருந்தீர்கள்.

ஆகவே ஐயா, ஜாப் கார்டில் 'கசிவு எங்கே?' என்று ஒரு கட்டம் அச்சிட்டு, அது நிரம்பும்வரை சிலிண்டர் ரூமைப் பூட்டிவைக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நிரந்தர வாடிக்கையாளன்

பி.கு.: பத்துக்குப் பத்து மார்க் போடச் சொல்லி உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்துக்கொண்டே இருக்கிறார். ஒன்பது போட்டால் அட்வைசர் தம்பிக்கு இன்சென்டிவ் போய்விடுமாம். வரவேற்பு எப்படி, வாட்டர் வாஷ் எப்படி, காபி எப்படி என்று எல்லாம் கேட்டார். ஏசியைப் பற்றி அந்தப் பட்டியலில் கேள்வி இல்லையாம். காபிக்குப் பத்து போட்டுவிட்டேன்.