மஞ்சள் சட்டைத் தல புராணம்

தல புராணம் என்றால் எடுத்த எடுப்பில் யாராவது ஒரு தேவன் சாபம் வாங்க வேண்டும். பம்பாய் ஃபுட்பாலின் தல புராணத்தில் சாபம் வாங்கியவை மில், பாங்கு, பெட்ரோல் கம்பெனி, ஆகாய விமானம். கோயில் மட்டும் ஒன்றே ஒன்று: கூப்பரேஜ் மைதானம். மூலவர் அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தார்.

கதை 1891-ல் ஆரம்பிக்கிறது. பொழுதுபோகாத வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ரோவர்ஸ் கோப்பை என்று ஒன்றை வைத்து ஆடினார்கள். முதல் கோப்பை வொர்ஸ்டர்ஷயர் ரெஜிமெண்டுக்கு. அதற்கப்புறம் நாற்பது வருஷத்துக்கும் மேலாகத் தங்கள் கோப்பையைத் தாங்களே தங்களுக்குப் பரிசளித்துக் கை தட்டிக்கொண்டார்கள். 1937-ல் பெங்களூர் முஸ்லிம்ஸ் என்ற அணி ரயிலேறி வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனது. பத்து வருஷம் கழித்து வெள்ளைக்காரன் நாட்டையும் விட்டுவிட்டுப் போனான். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று எங்கள் மாட்டுங்கா மாமா கடைசிவரை நம்பினார்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஆட்டத்தைக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. ரயில்வே, துறைமுகம், பாங்கு, மஃபத்லால் மில், ஓர்க்கே மில், டாடா, ஏர் இந்தியா, செம்பூரில் உரம் தயாரிக்கும் ஆர்.சி.எஃப். நன்றாகப் பந்து உதைப்பவனுக்கு குமாஸ்தா வேலை. காலையில் மஸ்டரில் கையெழுத்து, பிறகு பிராக்டீஸ், மாதம் பிறந்தால் சம்பளம், ஓய்வு பெற்றால் பென்ஷன். லெட்ஜரைத் திறந்து பார்த்தானா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டவருக்கு கார்னர் கிக் என்றால் என்னவென்று தெரியாது. கிண்டல் செய்தாலும் சரக்கு இருந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்ட நெவில் டிசூசா பம்பாய்க்காரர், கால்டெக்ஸ் பெட்ரோல் கம்பெனி அணிக்கு ஆடியவர். இந்தியா அந்த முறை நாலாவது இடம். இன்றைக்கு அதைச் சொன்னால், ஹாக்கியைச் சொல்கிறீர்களா என்று பையன்கள் திருத்துகிறார்கள்.

இது ஏதோ நம்மூர் விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். ருமேனியாவிலும் இதே கதைதான், முதலாளிக்குப் பதில் சர்க்கார். ராணுவத்துக்கு ஸ்டவா, உள்துறைக்கு டினமோ, ரயில்வேக்கு ராபிட். 1986-ல் பார்சிலோனாவை பெனால்டியில் தோற்கடித்து ஐரோப்பியக் கோப்பையையே ஜெயித்த ஸ்டவாவுக்குப் பிற்காலத்தில் பங்காளித் தகராறு வந்தது. பெயர் எங்களுடையது என்று ராணுவம் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்து, 2017-ல் நாலாவது டிவிஷனில் புதிதாக ஒரு ஸ்டவாவை இறக்கியது. பழைய ஆட்டக்காரர்களை வைத்திருந்த முதலாளி வேறு பெயரில் மேலே ஆடினார். பூர்வீக வீட்டை ஒருத்தன் எடுத்துக்கொள்ள, இன்னொருத்தன் வாசல் பெயர்ப்பலகையைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி. அங்கே ஒரு கிளப்பின் பெயருக்காவது சண்டை போட ஆள் இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நம்ம கதாநாயகன் மும்பை எஃப்.சி. 2007-ல் பிறந்தது. அதுவரை பம்பாய் கிளப்புகளின் பெயரில் ஜீப், விமானம், துணி எல்லாம் இருந்தன, ஊர்தான் அபூர்வம். ஊர்ப்பெயரை மட்டும் வைத்து, ஜீ டிவியின் எஸ்ஸெல் குழுமம் காசு போட்டு இதை ஆரம்பித்தது. ஜாதகப்படி இரண்டாம் டிவிஷனில் ஜனனம். டேவிட் பூத் என்ற இங்கிலீஷ்காரர் பயிற்சியாளர். 2008-ல் இரண்டாம் டிவிஷனை ஜெயித்து, அப்போதைய முதல் டிவிஷனான ஐ-லீகுக்கு ஏறிவிட்டார்கள். ஏறின வேகத்தைப் பார்த்து, இனிமேல் கல்கத்தாக்காரன் பாடு திண்டாட்டம் என்று மாமா ஜாதகம் கணித்தார். மாமா கணித்த எந்தக் கல்யாணமும் நிலைத்ததில்லை.

2009-ல் காலித் ஜமீல் பயிற்சியாளரானார். அதே கிளப்பில் ஆட்டக்காரராக இருந்தவர். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. கையில் காசு குறைவு, ஆட்கள் உள்ளூர்ப் பையன்கள். ஆகவே அவருடைய தத்துவம் குடும்பத்தலைவியின் தத்துவம்: வருமானம் எவ்வளவு என்பது முக்கியமில்லை, வெளியே போகக் கூடாது. கோல் போடுவது கடவுள் செயல், வாங்காமல் இருப்பது நம் கடமை. ஒருமுறை தாராவி அண்ணாச்சி ஒருவரைக் கூட்டிப்போனேன். திருநெல்வேலிப் பக்கம், இட்லி வியாபாரம். முதல் பாதி முழுவதும் வாய் திறக்கவில்லை. இடைவேளையில் கேட்டார், "ஏன் தம்பி, பதினோரு பேரும் நம்ம கோலு முன்னாடியே நிக்கானுவளே, அந்தப் பக்கம் போனா தீட்டா?"

கேட்டதில் தப்பில்லை. ஆனால் இப்படி நின்றே, பெரிய கிளப்புகளுக்கு நடுவே, ஒவ்வொரு வருஷமும் ஐ-லீகில் தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு ஏழு சீசன் ஓட்டினார் மனிதர். பட்டம் இல்லை, இறக்கமும் இல்லை. நடுத்தர வர்க்கத்துக்கு இதைவிட ஏற்ற கிளப் எது? செம்பூரில் இரண்டு அறை ஃபிளாட்டும் இருபது வருஷ இ.எம்.ஐ.யும் வைத்திருக்கும் எனக்கு அந்த பாயிண்ட்ஸ் பட்டியலைப் பார்த்தால் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருக்கும்.

இதற்கு நடுவில் கூப்பரேஜில் திருப்பணி. புல்லைப் பெயர்த்துவிட்டுச் செயற்கைப் புல் போட்டார்கள். கும்பாபிஷேகம் முடியும்வரை உற்சவரை பாலாலயத்தில் வைப்பது வழக்கம், மும்பை எஃப்.சி.யை வைத்த பாலாலயம் புனேயில், பாலேவாடியில். கூப்பரேஜிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். சொந்த ஊர் மேட்ச் பார்க்க தாதரில் பஸ் ஏறி, காட் ஏறி, லோனாவாலாவில் சிக்கி வாங்கி, புனே ரசிகர்கள் நடுவில் உட்கார்ந்து, "ஹோம் டீம்" என்று கத்த வேண்டும். நான் இரண்டு முறை போனேன். என் மனைவிக்கு சிக்கி பிடிக்கும் என்பதைத் தவிர வேறு நன்மை சொல்வதற்கில்லை. பிற்பாடு சென்னை சிட்டி அணி கோயம்புத்தூரில் ஹோம் மேட்ச் ஆடி, 2018-19-ல் ஐ-லீகையே ஜெயித்தபோது, வாடகை வீட்டிலும் யோகம் அடிக்கும் என்று புரிந்தது. எங்களுக்கு அடிக்கவில்லை.

சுற்றி எல்லாரும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். 2005-06-ல் தேசிய லீகை ஜெயித்த மஹிந்திரா யுனைடெட், 2010-ல் கடை கட்டியது. தோற்றதனால் இல்லை, போதும் என்று கம்பெனி தீர்மானித்ததனால். 2013-ல் ஏர் இந்தியாவும் ஓ.என்.ஜி.சி.யும் லைசென்ஸ் விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று லீகிலிருந்து விலக்கப்பட்டன. பம்பாய் கிளப்புகளுக்கு மைதானத்தில் சாகும் யோகம் கிடையாது. ஏ.சி. அறையில், டீயும் மாரி பிஸ்கட்டும் சாட்சியாக, எட்டாவது அஜெண்டாவாகச் சாவார்கள்.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் என்கிற ஐ.எஸ்.எல். வந்தது. மும்பை சிட்டி என்ற பெயரில் இன்னொரு மும்பை. ரன்பீர் கபூர் பங்குதாரர், மைதானத்தில் அனெல்கா. நம்ம கிளப்பின் மேட்ச் வேலை நாள் மதியத்தில் நடக்கும். லீவு போட்டவர்களும் ரிடையர் ஆனவர்களும் காக்கைகளும் வருவார்கள். அங்கே நட்சத்திரங்களைப் பார்க்கக் கூட்டம், இங்கே பந்தைத் தவிர பார்க்க ஒன்றும் இல்லை. கோச் கத்துவதை ஸ்டாண்டில் உட்கார்ந்து நோட்ஸ் எடுக்கலாம்.

2016-ல் காலித் ஜமீலை கிளப் அனுப்பி வைத்தது. அவர் நேராக ஐஸ்வால் போனார். ஐஸ்வால் எஃப்.சி. அந்த வருஷம் லீகிலிருந்து கீழே இறங்கிய கிளப்; கோவாக்காரர்கள் கோபித்துக்கொண்டு விலகியதால் காலி நாற்காலியில் திரும்ப உட்கார வைக்கப்பட்டது. பம்பாய்ப் பையன்கள் ஆஷுதோஷ் மேத்தா, ஜயேஷ் ரானே இருவரும் அங்கே அவரோடு. 2017 ஏப்ரல் 30, ஷில்லாங்கில் 1-1 டிரா. 37 பாயிண்டோடு ஐஸ்வால் இந்தியச் சாம்பியன். மோகன் பாகன் 36. ஒரே ஒரு டிரா போதும் என்றிருந்தபோது டிரா எடுப்பதில் அவரைவிட அனுபவஸ்தர் நாட்டில் யார்?

அதே சீசன், அதே பட்டியல். பத்து அணிகள். தலையில் ஐஸ்வால், வாலில் மும்பை எஃப்.சி. அனுப்பி வைத்த மாப்பிள்ளை கலெக்டராக வந்து ஜீப்பில் இறங்குகிறான், பெண்வீட்டார் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறார்கள். இந்தக் காட்சியை சினிமாவில் வைத்தால் மிகை என்று விமர்சனம் எழுதுவோம்.

ஒரு மரியாதை மட்டும் செய்துவிட வேண்டும். மைதானத்தில், பதினோரு பேர் கண்முன்னே, முறைப்படி தோற்று இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய பெருமை இந்த கிளப்புக்கு உண்டு. ஆனால் இறங்கின படியில் அது காலை வைக்கவே இல்லை. அடுத்த வருஷ இரண்டாம் டிவிஷனில் அந்தப் பெயர் காணோம். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, கதவைத் தட்டாமலே வாசலில் மறைந்துவிட்டது. பெயருக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. காலித் ஜமீல் 2025-ல் இந்திய அணிக்கே பயிற்சியாளரானார். அண்ணாச்சியிடம் சொன்னேன். "அப்ப இந்தியா இனி கோல் வாங்காது," என்றார். போடுமா என்பதைப் பற்றி அவர் அபிப்பிராயம் சொல்லவில்லை.

என்னிடம் அந்த மஞ்சள் சட்டை இன்னும் இருக்கிறது. போன மாதம் அதைப் போட்டுக்கொண்டு மாட்டுங்காவில் காபிப்பொடி வாங்கப் போனேன். கடைக்காரர் முகமெல்லாம் சிரிப்பாகி ஐம்பது கிராம் கூடவே போட்டார். திரும்பும்போது ரயிலில் ஒரு பையன் முறைத்துப் பார்த்து, "அங்கிள், மும்பையில் இருந்துகொண்டு சி.எஸ்.கே.வா?" என்றான். விளக்கம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் செம்பூர் வந்துவிட்டது. "ஆமாம், தோனி," என்று சொல்லி இறங்கிவிட்டேன்.