சந்தா கட்டிய கேள்விகள்

காசுக்குப் பதில் சொல்லிய 'கூகுள் ஆன்சர்ஸ்' 2002இல் தொடங்கி 2006இல் கடையை மூடியது. கேள்விக்கு 2 முதல் 200 டொலர். தொழில் தெரியாதவர்கள்! இலங்கையில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் தொழிற்சங்கச் சந்தாவை முதலில் சம்பளத்திலேயே பிடித்துவந்தார்கள்; கேள்வியெல்லாம் பிறகுதான்.

"நாட்சம்பளம் ஆயிரம் எப்ப தலைவரே?" என்று 2015 வாக்கில் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் கேட்டார்கள். "பேச்சுவார்த்தை நடக்குது, பொறுங்க அக்கா." பதில் 2021 மார்ச்சில் அரச வர்த்தமானியில் வந்தது: சம்பளம் 900 ரூபா, படி 100. அதற்குள் கோதுமை மா விலை அடுத்த கேள்வியைத் தொடங்கியிருந்தது.

குறைசொல்லக் கூடாது. தோட்ட மக்களிடமிருந்து 1948இல் பறிபோன குடியுரிமைக் கேள்விக்கு, மிச்சமிருந்தவர்களுக்கும் சேர்த்து 2003இல்தானே சட்டம் வந்தது? அந்தக் கணக்கில் இந்தச் சம்பளப் பதில் எக்ஸ்பிரஸ் சேவை. இப்போது வாட்ஸ்அப்பும் இருக்கிறது. தலைவர் பார்த்துவிட்டார் என்று நீல டிக்காவது விழும்.