குழந்தைகளுக்குக் குரோஷா கற்பித்தலில் உட்காருமிடத்தின் பங்கு: ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கோடை விடுமுறையில் குழந்தைகளுக்குக் குரோஷா சங்கிலி பின்னக் கற்றுத்தரும் பெரியவர் எங்கே உட்கார வேண்டும் என்பதே இவ்வாய்வின் பொருள். இடக்கைப் பிள்ளைக்குப் பின்னல் வராது என்று அத்தைமாரும் பெரியம்மாமாரும் வழிவழியாகச் சொல்லிவரும் கருத்து இங்கே பரிசீலிக்கப்படுகிறது. கோளாறு பிள்ளையின் கையில் இல்லை, கற்றுத்தருபவர் உட்கார்ந்த இடத்தில் இருக்கிறது என்பது நிறுவப்படுகிறது. மனித குலத்தின் சிக்கல்களுள் பாயை நகர்த்திப் போட்டாலே தீர்ந்துவிடுபவை மிகச் சில. ஆதலின் இம்முடிவு அறிஞர்தம் கவனத்துக்கு உரியது.

1. பின்புலம்

நூலைக் கண்ணியாக்கிக் கண்ணிக்குள் கண்ணி கோக்கும் வேலை மிகப் பழையது. எகிப்தின் ஆன்டினோபோலிஸ் நகரத்துக் குப்பைமேட்டில் கிடைத்த சுமார் 1,700 ஆண்டுப் பழமையான கம்பளிக் காலுறை ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. குழந்தையின் காலுறை அது. பட்டை பட்டையாக வண்ணம், பெருவிரலுக்குத் தனி அறை. ஒற்றை ஊசியால் கண்ணி கண்ணியாகக் கோத்தது. குரோஷாவும் அன்று, இரட்டை ஊசி நிட்டிங்கும் அன்று. சிவப்பு, நீலம், மஞ்சள் என மூன்றே தாவரச் சாயங்களைக் கொண்டு அதன் எல்லா வண்ணங்களையும் எடுத்திருக்கிறார்கள் என்று 2018-இல் கண்டறிந்தார்கள். அது இடது காலுக்கு உரியது. கிடைத்தது அந்த ஒன்றுதான். ஒற்றைச் சாக்ஸ் மட்டும் அகப்படும் சிக்கல் பள்ளி வேன் தோன்றுவதற்கும் முந்தையது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

குரோஷா இதனினும் மிக இளையது. அதற்கான உறுதியான சான்றுகள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கிடைக்கத் தொடங்குகின்றன. 1840-களின் பெரும்பஞ்சத்தில் அயர்லாந்தின் ஏழைக் குடும்பங்கள் பல குரோஷா லேஸ் பின்னி விற்றுப் பசியாறின. 2016 ஜனவரியில் சென்னையில் பெண்கள் கூட்டாகப் பின்னிச் சேர்த்த போர்வை 11,148 சதுர மீட்டருக்கு விரிந்து கின்னஸ் பதிவில் ஏறியது. பஞ்சமோ பெருமையோ, எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை இழுப்பதே.

கல்வியாளர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். 1919-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தொடங்கிய வால்டோர்ஃப் பள்ளியின் மரபில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒருசேர நிட்டிங் கற்கிறார்கள். 1937 வார்தா மாநாட்டுக்குப் பின் நம் ஆதாரக் கல்விப் பள்ளிகளில் பிள்ளைகள் தக்ளியில் நூல் நூற்றார்கள். ஆக, குழந்தையின் கையில் நூலைக் கொடுக்கலாம் என்பதில் பேரறிஞர்களிடையே கருத்து வேறுபாடில்லை. கொடுத்த பிறகு கூடத்தைப் பெருக்குவது யார் என்பது குறித்து மட்டும் அவர்கள் மௌனம் சாதிக்கிறார்கள்.

2. கருவிகளும் பொருள்களும்

தடித்த உல்லன் நூல், வெளிர் நிறத்தில். கறுப்பு ஆகாது; கண்ணி கண்ணுக்குத் தெரியாது. 5 மி.மீ. குரோஷா ஊசி. முதல் நாள் அதுவும் வேண்டா, விரல் போதும். சுருக்கு முடிச்சுப் போட்டு, கண்ணிக்குள் இரண்டு விரலை விட்டு, பந்துப் பக்கத்து நூலைப் பிடித்து இழுத்தால் புதுக்கண்ணி. அதற்குள் மறுபடி விரல். இது கைவந்த பின் விரலின் இடத்தில் ஊசி வருகிறது.

ஊசியைப் பற்றி ஒன்று. வலக்கைக்காரர்க்கென்று செய்த கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் அலகுகள் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, காகிதத்தை வெட்டாமல் மடக்கும். குரோஷா ஊசிக்கு அந்த ஓரவஞ்சனை இல்லை. கொக்கியின் வாயை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது கொக்கிதான். இடக்கைக்கென்று தனி ஊசி உண்டு என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால், அவர் வியாபாரத்தில் மட்டும் கைதேர்ந்தவர் எனக் கொள்க.

நூல் விழுங்கும் விதியையும் இங்கேயே சொல்லிவிடலாம். சங்கிலியை எந்த இடத்தில் பார்த்தாலும் முன்னே இரண்டு இழை, பின்னே ஓர் இழை என மூன்று ஓடுகின்றன. எனவே ஒரு மீட்டர் சங்கிலிக்குக் குறைந்தது மூன்று மீட்டர் நூல் தேவை. கூடத்திலிருந்து சமையலறை வரை சங்கிலி விட நினைக்கும் பிள்ளையின் தகப்பனார் இவ்விதியை மனத்தில் இருத்துவது நலம்.

3. களமும் தகவலாளிகளும்

களம்: மே மாதத்துப் பிற்பகல், மின்விசிறிக்குக் கீழே விரித்த பாய். தகவலாளிகள்: ஏழு வயது முதல் பத்து வயது வரையுள்ள அக்கா தங்கை, அண்ணன் தம்பி, ஒன்றுவிட்டவர்கள், பக்கத்து வீட்டார். இவர்களை நான்கு வகையாகப் பகுக்கலாம்.

(அ) இறுக்கர். ஒவ்வொரு கண்ணியையும் பகையாளியின் கழுத்தாகக் கருதி இறுக்குபவர். அடுத்த முறை ஊசி நுழையாது. இவர்க்கு ஊசியை ஓர் அளவு பெரிதாக்குக, அறிவுரை பயன்படாது.

(ஆ) தளர்வர். இவர்தம் கண்ணிக்குள் ஊசியோடு கையும் நுழையும். நூலைச் சுட்டுவிரல்மேல் போட்டு, மற்ற விரல்களுக்கிடையே நெளியவிட்டுப் பிடிக்கச் சொன்னால் அடங்குவர்.

(இ) நீட்டர். இரண்டாம் வரிசை என்ற ஒன்று இருப்பதையே ஏற்காதவர். சங்கிலியை ரயில் என்று அழைத்து, அடுத்த அறைக்கும் அதற்கடுத்த அறைக்கும் வழித்தடம் நீட்டுவர். தடுக்கலாகாது. கை பழகுவது இந்த நீட்டலில்தான்.

(ஈ) உருவுநர். ஊசியில் நிற்கும் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டு நூலை இழுத்தால் சங்கிலி முழுதும் படபடவெனப் பிரிந்து வரும் என்பதைக் கண்டுகொண்டவர். தொடக்க முனையை இழுத்தால் முடிச்சு இறுகுமேயன்றிப் பிரியாது என்பதையும் இவரே முதலில் அறிகிறார். அறிவியல் மனப்பான்மை மிக்கவர். நூலுக்குச் சேதம் இல்லை.

இந்நான்கு வகையிலும் அடங்காதவளாக ஒரு தகவலாளி இருந்தாள். வயது எட்டு. உலகில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடக்கைக்காரர். இந்தப் பாயில் அந்த ஒருவர் அவள். அவளுக்கும் அத்தைக்கும் நடந்த உரையாடல் களக்குறிப்பில் உள்ளபடி:

“அத்தை, எனக்கு வரவே மாட்டேங்குது.”

“என்னைப் பார்த்துப் பண்ணுடி.”

“பார்த்துத்தான் பண்றேன். நீங்க இந்தப் பக்கம் இழுக்கறீங்க, எனக்கு அந்தப் பக்கம் போகுது.”

“ஊசியைச் சோத்தாங்கைக்கு மாத்து.”

“மாத்தினா சுத்தமா வரல.”

ஊஞ்சலில் இருந்த பாட்டி: “நொட்டாங்கைக்காரிக்குப் பின்னல் எப்படி வரும்? விடு, அவளைப் பூப் பறிக்கச் சொல்லு.”

பாட்டியின் கூற்று நம் வீடுகளில் இன்றளவும் ஆளும் கொள்கை. அதற்கு மறுப்பு வருமாறு.

4. எதிர்ப்பாய்க் கோட்பாடு

கற்பிப்போர் மனனம் செய்ய ஏதுவாகக் கோட்பாடு நூற்பாவாக யாக்கப்பட்டது:

வலக்கை மாணிக்கு அருகுற இருக்க;
இடக்கை மாணிக்கு எதிர்ப்பட இருக்க;
இருதிறத் தாரும் ஒருங்குறின் அவரை
இடம்பிரித் திருத்துதல் ஆசான் கடனே.

என்பது யாதோ எனின், வலக்கை ஆசான் வலக்கைப் பிள்ளையின் பக்கத்தில், தோளோடு தோள் சேர உட்கார்ந்தால் இருவர்தம் ஊசியும் ஒரே பக்கம் அசையும். பிள்ளை பார்த்ததைப் பார்த்தபடி செய்யும். அதே ஆசான் இடக்கைப் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தால், ஆசானின் வலக்கை பிள்ளையின் இடக்கைக்கு நேரே வந்து நிற்கும். பிள்ளைக்கு அது கண்ணாடி. மனத்துக்குள் எதையும் திருப்பிப் போட வேண்டியதில்லை. ஆசான் இடக்கையர் ஆயின் முதலிரண்டு அடிகளையும் மாற்றிக் கொள்க. ‘கடனே’ என்ற ஏகாரம் தேற்றம். இடம் மாறுவது பிள்ளையின் கடன் அன்று என்பது கருத்து. மூட்டுவலி உடைய ஆசானுக்கு மட்டும் பிள்ளையை நகரச் சொல்லலாம் என்பது புறனடை.

இக்கோட்பாட்டுக்கு வரலாற்றில் முன்மாதிரி உண்டு. வலங்கை, இடங்கை என்று பிரிந்து நின்ற சாதிப் பிரிவினர் 1707-இல் சென்னையில் தெருவுக்காக மோதியபோது, கவர்னர் தாமஸ் பிட் எந்தப் பக்கத்தையும் கை மாறச் சொல்லவில்லை. எந்தத் தெரு யாருக்கு என்று பிரித்துக்கொடுத்தார். அந்தப் பூசலுக்கும் ஊசி பிடிக்கும் கைக்கும் தொடர்பு இல்லை. தொடர்பின்மை ஓர் ஒப்பீட்டைக் கைவிடப் போதிய காரணம் ஆகாது என்பது ஆய்வுலக மரபு.

5. தடைகளும் விடைகளும்

தடை: எதிரே உட்கார ஆள் இல்லாத வீட்டில் என்ன செய்வது? விடை: கைப்பேசியில் காணொளியை இடவலமாகத் திருப்பும் வசதி இருக்கிறது. அதுவும் இல்லையேல் நிலைக்கண்ணாடி முன் பிள்ளையோடு உட்கார்ந்து, கண்ணாடியில் தெரியும் உங்கள் கையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தடை: வலக்கையிலேயே பழக்கிவிடலாமே? விடை: பிள்ளையே அதை விரும்பி எடுத்தால் தடையில்லை. பின்னலில் இரண்டு கைக்கும் வேலை உண்டு. நூலின் இறுக்கத்தை ஆள்வது ஊசி பிடிக்காத கைதான். ஊசியைப் பாயின் நடுவே வைத்து, எந்தக் கை எடுக்கிறது என்று பாருங்கள். உங்கள் வேலை பார்ப்பதோடு முடிகிறது.

தடை: இடக்கையில் பின்னினால் கோணலாக வரும் அல்லவா? விடை: சங்கிலியைப் பார்த்து எந்தக் கை பின்னியது என்று சட்டென்று சொல்ல முடியாது. வேறுபாடு அடுத்த கட்டத்தில்தான் தொடங்கும். வலக்கையர் வரிசையை வலமிருந்து இடமாக நகர்த்துவர், இடக்கையர் இடமிருந்து வலமாக. முதல் வரிசை முடிந்ததும் தொடக்க நூலின் வால் வலக்கையர்க்கு இடமூலையில் தொங்கும், இடக்கையர்க்கு வலமூலையில். வட்டமாகப் பின்னும்போது ஒருவர் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்ற, மற்றவர் கடிகாரத்தோடு சுற்றுவார். துணி ஒன்றே, திசைதான் வேறு. கட்டம் பார்த்து எழுத்துப் பின்னும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். இடக்கையர் கட்டத்தையும் எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்காவிட்டால் பெயர் இடவலம் மாறி வந்து, ஆம்புலன்ஸின் முகப்பு எழுத்துப்போல நிற்கும்.

6. முடிவுகள்

அத்தை பாயைச் சுற்றிவந்து எதிரே உட்கார்ந்தார். அன்று மாலைக்குள் இடக்கைத் தகவலாளியின் சங்கிலி ஊஞ்சலை எட்டிப் பாட்டியின் கால் கட்டைவிரலில் சுற்றப்பட்டது. பாட்டி கொள்கையை மாற்றிக்கொண்டதாகக் கூறவில்லை. காலை எடுக்கவும் இல்லை.

மறுநாள் அவள் தன் தம்பிக்குக் கற்றுத்தந்தாள். அவன் வலக்கை. நூற்பாவை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை; அவளாகவே அவனை எதிரே உட்காரவைத்தாள். காரணம் கேட்டதற்கு, “பக்கத்துல உட்கார்ந்தா அவனுக்கு எல்லாமே மாறிமாறித் தெரியும்ல? எனக்கு அப்படித்தானே தெரியும் எப்பவும்” என்றாள். வலக்கை உலகத்தைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது இடக்கையர்க்கு அன்றாட வேலை. வலக்கையர்க்கு அதைக் கண்டறிய ஓர் ஆய்வு தேவைப்பட்டிருக்கிறது.

7. பரிந்துரைகள்

ஒன்று: பின்னல் கற்றுத்தருமுன் பிள்ளையின் கையைப் பார்க்க, பிறகு தன் இடத்தைப் பார்க்க. இரண்டு: “அந்தக் கையை விடு” என்ற தொடரைக் கற்பித்தல் கலைச்சொற்களிலிருந்து நீக்குக. மூன்று: உருவுநரைக் கடிந்துகொள்ள வேண்டா. நான்கு: இத்தனை நீளச் சங்கிலியால் யாருக்கு என்ன பயன் என்று எந்தக் குழந்தையிடமும் கேட்கலாகாது. அதே கேள்வியை இக்கட்டுரையிடமும் கேட்க முடியும் என்பதால், ஆய்வாளர் இப்பரிந்துரையைத் தனிப்பட வலியுறுத்துகிறார்.