கறுத்துப்போன குற்றத்துக்காக…

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
அங்கீகரிக்கப்பட்ட இருசக்கர வாகன சர்வீஸ் சென்டர்.

பொருள்: என் பைக்கின் இன்ஜின் ஆயிலுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை – மேல்முறையீடு தொடர்பாக.

பார்வை: சனிக்கிழமை தங்கள் சூப்பர்வைசர் தம்பி டிப்ஸ்டிக்கைப் பார்த்த ஒரே பார்வை.

ஐயா,

பிரேக் கத்துகிறது என்று சொல்லித்தான் வண்டியை விட்டேன். தம்பி பிரேக் பக்கம் போகவே இல்லை. டிப்ஸ்டிக்கை உருவினார், பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். “ஆயில் கறுத்துடுச்சு சார். மாத்தலேன்னா இன்ஜின் சீஸ் ஆயிடும்.” விசாரணை, வாதம், தீர்ப்பு எல்லாம் நான்கு விநாடியில் முடிந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட காபி குடித்த பிறகுதான் நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

அந்த ஆயில் சித்திரையில் உங்கள் கையாலேயே ஊற்றியது. இந்த ஆடிவரை ஓடியது 2,300 கிலோமீட்டர். வண்டியோடு வந்த கையேடோ, 6,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறது. கையேட்டை நம்புவதா, தம்பியின் உதட்டை நம்புவதா?

ஆயிலில் டிடர்ஜென்ட் சேர்த்திருக்கிறார்கள். கரியையும் கசடையும் இன்ஜினில் ஒட்டவிடாமல் கழுவி எடுத்து, வடிக்கும் நாள்வரை தானே சுமப்பது அதன் வேலை. வீடு துடைத்த துணி அழுக்காகத்தான் இருக்கும். துடைத்த பிறகும் பளிச்சென்றிருந்தால் துடைத்தவர் மேல்தான் சந்தேகம் வர வேண்டும்.

உண்மையான குற்றத்துக்குத் தடயங்கள் வேறு. பால் விட்ட காபிபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெட்ரோல் வாடையோடு நீர்த்திருந்தால் எரியாத பெட்ரோல் உள்ளே இறங்கியிருக்கிறது. விரலிடுக்கில் நெறுநெறுத்தாலோ, வெயிலில் மினுங்கினாலோ உள்ளே உலோகம் தேய்கிறது. தம்பி முகரவுமில்லை, தேய்த்துப் பார்க்கவுமில்லை. “அளவும் கம்மி” என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். வண்டி அப்போது சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி, இன்ஜினை அணைத்து இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். ஆயில் மேல்கோட்டை ஒட்டியே இருந்தது.

எங்கள் எதிர்வீட்டு அக்காவின் ஸ்கூட்டரும் உங்களிடம்தான் வருகிறது. பால் பூத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தவிர எங்கும் போகாது. ஒரு வருஷத்தில் 600 கிலோமீட்டர். “ஆயில் புதுசு மாதிரி தங்கமா இருக்கும்மா” என்று வாழ்த்தி அனுப்பிவிட்டீர்கள். அரை கிலோமீட்டரில் அணைக்கும் இன்ஜின் சூடேறுவதே இல்லை; உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாக வழியில்லாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். அந்த வண்டிக்குக் கணக்கு கிலோமீட்டர் அல்ல, காலண்டர். ஆயில் ஊற்றும் மூடியை அக்கா திறந்து காட்டினார். அடியில் வெள்ளையாய் நுரை அப்பியிருந்தது. உங்கள் நீதிமன்றத்தில் உழைத்துக் கறுத்தவனுக்குத் தூக்கு, சிவப்பாய் இருப்பவனுக்கு விடுதலை.

இன்னொரு சிறு சந்தேகம். சித்திரை பில்லில் ஆயில் ஒரு லிட்டர். என் இன்ஜின் குடிப்பது 900 மில்லி. மீதி 100 மில்லி நலமாக இருக்கிறதா? வடித்த பழைய ஆயிலிலும் ஒரு சந்தேகம்: அது அபாயகரக் கழிவு என்று 2016ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. உங்கள் பின்கட்டுப் பீப்பாயிலிருந்து சென்ட்ரிங் பலகைக்குப் பூச யாரோ கேனில் பிடித்துப்போனதைப் பார்த்தேன். அவருக்கு மட்டும் அது கறுப்பாகத் தெரியவில்லைபோலும்.

தண்டனையை நிறைவேற்றும் முன் வண்டியை மீட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஐப்பசியில் ஆறு மாதம் நிறைகிறது. அன்று நானே வருகிறேன். ஆயில் தங்கமாய் மின்னினாலும் இரக்கம் காட்டாமல் மாற்றிவிடுங்கள்.

அதற்கு முன் பிரேக்கை மட்டும் யாராவது பார்த்தால் நன்று. வண்டி ஐப்பசிவரை ஓடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நிற்குமா என்பதுதான் கவலை.

இப்படிக்கு,
கறுத்த ஆயிலின் உரிமையாளர்