பனியாற்றுக்குக் கரகோஷம்

1794-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கப்பல்தலைவர் வான்கூவரின் மாலுமிகள் அலாஸ்காக் கரையோரமாக வந்த காலத்தில், இன்று கிளேசியர் விரிகுடா என்று பிரசித்தி பெற்றிருக்கும் ஸ்தலத்தில் பெயருக்கு ஒரு சிறு வளைவும், அதற்கப்பால் பிரம்மாண்டமான பனிச்சுவரும்தான் இருந்தன. அப்பனியானது அதன்பின் சுமார் 65 மைல் தூரம் பின்வாங்கி, அடுக்குமாளிகைகளையொத்த உல்லாசக் கப்பல்கள் உள்ளே பிரவேசிப்பதற்கு வேண்டிய இடத்தைத் தாராளமாக ஒழித்துக் கொடுத்திருக்கிறது. நாளொன்றுக்கு இரண்டு பெருங்கப்பல்களுக்கு மேல் தேசியப் பூங்காவினர் அனுமதிப்பதில்லை என்பது அதற்குக் கிடைத்த சொற்ப ஆறுதல்.

நீர்மட்டத்துக்கு மேல் 250 அடி உயர்ந்து நிற்கும் மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்றதும், வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்திருப்போர் உட்பட சகல யாத்ரிகர்களும், அதிலிருந்து ஒரு பெரும் பாளமாவது தங்கள் கண்ணெதிரே இடிந்து விழவேண்டுமென்று ஏகமனதாகப் பிரார்த்திக்கத் தொடங்குகிறார்கள். விழுந்தால் கரகோஷம், விழாவிட்டால், கட்டணம் வாங்கிக்கொண்டு வஞ்சித்துவிட்டார்கள் என்ற முகவாட்டம். (இந்த ரசிகர்களே மாலையில் புவி வெப்பமடைவதைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்டு உள்ளம் உருகுவார்கள், உருகுவதில் பனிக்கு மட்டும் என்ன ஏகபோகம்?)

திமிங்கிலங்களுக்கோ நேரம் அறிந்து நடக்கும் பண்பு அறவே இல்லை. அனைவரும் தட்டேந்தி, சால்மன் மீனுக்காக வரிசையில் நிற்கும் முகூர்த்தம் பார்த்தே அவை வாலைத் தூக்கிக் காட்டுகின்றன. வரிசையை விட்டு விலகியவர் ஒருவருமில்லை.