கேக்குதா?

காரில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைக்கூட மாட்டியிருக்க மாட்டோம், ஏசியை அணைத்துவிடுவார். பாட்டு நிற்கும். கண்ணாடி நாலும் மேலே ஏறும். சென்னையில் மே மாதம். “யாரும் பேசாதீங்க... இப்ப வரும் பாருங்க. கேக்குதா?”

நமக்குக் கேட்பதெல்லாம் பின்னால் வரும் ஆட்டோவின் ஹாரன்தான்.

கேட்கவில்லை என்றால் விட்டுவிடுவாரா? வண்டியைத் திருப்பி அதே வேகத்தடைக்கு வருவார். இரண்டாவது கியர், 20 கிலோமீட்டர் வேகம், இடது சக்கரம் மட்டும் மேட்டில் ஏற வேண்டும், அப்போதுதான் அந்தச் சத்தம் வருமாம். சரி, தொலைகிறது என்று “கேக்குது” என்றால் இன்னும் மோசம். “எங்கேருந்து?” என்பார்.

என் சகலையைச் சொல்வதாக வீட்டில் யாரும் நினைக்க வேண்டாம். இந்த ரகம் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

இவர் வண்டியில் சும்மா உட்கார்ந்து வர முடியாது. முன்சீட்டுக்காரர் டேஷ்போர்டை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பின்சீட்டுக்காரர் கதவு பீடிங்கை. வீட்டம்மாவுக்கு நிரந்தரமாக கிளவ் பாக்ஸ். ஒருமுறை கல்யாணத்துக்குப் போகிற வழியில், பட்டுவேட்டியோடு என்னை டிக்கியில் படுத்துக் கேட்கச் சொன்னார். நான் முடியாது என்றேன். அவருடைய மச்சினன் (எனக்கும் மச்சினன்தான்) வாயில்லாப் பூச்சி, படுத்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருந்தது.

விஷயம் தெரியாதவர் என்று மட்டும் சொல்ல முடியாது. கீச் என்றால் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசுகிறது. லொடலொட என்றால் டிக்கியில் ஜாக்கி ஆடுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது டொக் என்றால் லிங்க் ராடைப் பார்க்க வேண்டும். புஷ் ரப்பருக்குக் கண்ட எண்ணெயை அடித்தால் ஊறி உப்பிவிடும், சிலிகான் ஸ்ப்ரேதான் அடிக்க வேண்டும் என்று கேட்காமலே சொல்வார். காலையில் வராத சத்தம் மதியம் வருவது வெயிலில் டேஷ்போர்டு விரிவதால். எல்லாம் சரிதான். மெக்கானிக் ஏறினால் மட்டும் ஏன் வருவதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. அந்த ஆள் 80 கிலோவாம், சஸ்பென்ஷன் அழுந்திவிடுகிறதாம். அதனால் ஒல்லியான மெக்கானிக்காகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஒருநாள் பிடித்தேவிட்டார். ஆள் இல்லாத சீட்டின் பெல்ட் பக்கிள் பக்கத்துப் பிளாஸ்டிக்கில் உரசியிருக்கிறது. நாற்காலிக் காலில் ஒட்டுகிற ஃபெல்ட்டில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினார். போச்சு. எங்கள் எல்லோருக்கும் ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். குழந்தை மாதிரி ஒரு சிரிப்பு, பார்க்கவே ஆசையாக இருந்தது. தெரு திரும்புவதற்குள் ஏசியை அணைத்தார். பெரிய சத்தம் போனதில் அதற்கடியில் இருந்த சின்னச் சத்தம் வெளியே வந்துவிட்டது.

இதெல்லாம் போகட்டும். போன மாதம் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் முன்சக்கரத்தில் ஊசி மாதிரி ஒரு கிறீச். எனக்கே கேட்டது. பேடு தேய்ந்து சில மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால் டிஸ்க்கில் உரசிக் கத்தட்டும் என்றே பல பேடுகளில் சின்னத் தகடு ஒன்று வைத்திருப்பார்கள். நமக்குச் சொல்வதற்காகவே போட்ட சத்தம். “அது ராத்திரி மழையில டிஸ்க் துருப்பிடிச்சது, தானா போயிடும். நீங்க இதைக் கேளுங்க” என்று டேஷ்போர்டுப் பக்கம் காதைச் சாய்க்கிறார், ஓட்டிக்கொண்டே. பின்சீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் பேடு மாற்றும்வரை அந்த வண்டியில் ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டோம்.

இப்போது எலெக்ட்ரிக் காருக்கு முன்பணம் கட்டியிருக்கிறார். எஞ்சின் இரைச்சல் இல்லாததால் அதில் மற்ற சத்தமெல்லாம் பளிச்சென்று கேட்கும் என்று எச்சரித்துப் பார்த்தேன். அதற்குத்தானே வாங்குகிறாராம். முதல் சவாரிக்கு எல்லோரும் வந்தாக வேண்டும் என்று உத்தரவு. மச்சினன் பெங்களூருக்கு மாற்றல் கேட்டு எழுதிவிட்டான்.